கைடோடு நடந்தால் யாத்திரை இல்லையா?

ஜப்பானில் குமானோ கோதோ என்ற யாத்திரைப் பாதையில் நடந்த படங்களைப் போட்டதும் நண்பர் ஒருவர் வந்து கேட்டார்: "பணம் கட்டி, கைடு வச்சு, கூட்டத்தோட போறதெல்லாம் யாத்திரையா? பேக்கேஜ் டூர்னு சொல்லுங்க." அதற்கு லைக் வேறு எக்கச்சக்கம். அதனால் பதிலை நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

ஜப்பானின் கீ தீபகற்பத்தில் ஹோங்கு, ஹயாதமா, நாச்சி என்று மூன்று பெரிய கோயில்கள், ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் போகும் மலைப்பாதைகள்தான் குமானோ கோதோ. பதவி துறந்த பேரரசர் ஷிரகவா 1090இல் இங்கே வந்தபோது அவரை அழைத்து வந்தவர் ஸோயோ என்ற பௌத்தத் துறவி. இப்படி அழைத்துப் போகிறவருக்கு 'செந்தாட்சு' என்று பெயரே இருக்கிறது. எங்கே குளிப்பது, எங்கே எப்படி வணங்குவது, எல்லாம் அவர் சொல்படிதான். சபரிமலைக்குக் குருசாமி மாதிரி. பின்னால் வந்த இன்னொரு பேரரசர் கோ-ஷிரகவா 34 தடவை போயிருக்கிறார். அத்தனை தடவை போனவருக்கு வழி தெரியாமலா செந்தாட்சு? புலம்பலும் புதுசில்லை. 1201இல் பேரரசர் கோ-தோபாவோடு போன கவிஞர் தெய்கா, உடம்பு முடியவில்லை என்று நாட்குறிப்பில் அழுதிருக்கிறார்.

முதல் தடவை நானும் வீராப்பாகத் தனியாகத்தான் போனேன். தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரை சுமார் 38 கிலோமீட்டர். 500 மீட்டருக்கு ஒரு எண் கம்பம் நிற்கிறது, தொலையவே முடியாது. சின்னச் சின்ன சந்நிதிகளின் பக்கத்தில் பறவைக்கூண்டு போல ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும். ஓடி ஓடிக் குத்தினேன். ஊருக்கு வந்தபோது கையில் நிறைந்த ஸ்டாம்பு புத்தகமும் காலில் முழங்கால் வலியும் இருந்தன. வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை கைடாகக் கூட வந்தவர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா. த்சுகிசகுரா சந்நிதியில் பிரம்மாண்டமான சுகி மரங்கள் (ஜப்பானிய ஊசியிலை மரம்), கிளைகளெல்லாம் தெற்குப் பக்கம் மட்டும். ஒரு மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "வழியில பார்த்த காட்டுல பாதிக்கு மேல வெட்டி விக்கிறதுக்காக மனுஷங்க நட்டது. இது அப்படி இல்ல" என்றார். 1906இல் சின்னக் கோயில்களைப் பெரியதோடு இணைக்க அரசு ஆணை போட்டது. கோயில் போனால் தோப்பும் கோடரிக்குப் போகும். பாசி, பூஞ்சை என்று ஆராய்ந்துகொண்டிருந்த மினகதா குமகுசு என்ற மனிதர் விடாமல் சண்டை போட்டதால் இந்தச் சில மரங்களாவது மிஞ்சின. முதல் தடவை இதே மரத்தடியில் உட்கார்ந்துதான் பிஸ்கட் தின்றேன்!

ஷின்டோவையும் பௌத்தத்தையும் 1868இல் அரசு பிரித்துவைத்தது. அதற்கு முன் ஹோங்கு தெய்வமும் அமிதா புத்தரும் ஒன்றுதான். மலைத்தவ மரபான ஷுகெந்தோவை 1872இல் தடையே செய்தார்கள். ஆக இந்தப் பாதையின் நினைவையே ஒருமுறை அழித்திருக்கிறார்கள். கம்பத்து எண்ணில் அதெல்லாம் எழுதியிருக்காது. வாயால் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்காகக் கைடு எல்லாமும் சொல்வார் என்றில்லை. ஹோங்கு முதன்முதலில் கண்ணில் படும் ஃபுஷியோகாமியில் இசுமி ஷிகிபு கதையைச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்த அந்தப் பெண் கவிஞருக்கு அங்கே மாதவிலக்கு வந்துவிடுகிறது. தரிசனம் இல்லை என்று வருந்தி ஒரு பாட்டு எழுதுகிறார். அன்றிரவு குமானோ தெய்வமே கனவில் வந்து, பரவாயில்லை வா என்கிறது. கேட்டதும் மனசு நெகிழ்ந்துவிட்டது. அதே மலைத்தொடரில் ஓமினேயின் சஞ்ஜோகதாகே சிகரத்துக்கு இன்றும் பெண்கள் ஏறக்கூடாதே, அது ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தடவையும் என் பெரிய பை என்னோடு நடக்கவில்லை. காலையில் விடுதி வாசலில் வைத்தால் சாயங்காலம் அடுத்த விடுதியில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும், காரில். நண்பரே, திட்டுவதானால் அதற்குத் திட்டுங்கள்.