நிலத்தை விற்கும் முன் கடிதத்தைப் படியுங்கள்

"அமெரிக்காவில் பி.எச்டி. என்றால் நிலத்தை விற்க வேண்டும், இயற்பியல் படித்தவனுக்கு உயிரியலில் இடம் தரமாட்டார்கள்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கைக்காசு கரைவது பெரும்பாலும் எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பில்தான். அறிவியல் பி.எச்டி. அழைப்புகளில் அநேகமாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. கற்பித்தலுக்கோ ஆய்வுப் பணிக்கோ உதவித்தொகையும் உண்டு.

உசிலம்பட்டியில் என் அக்கா மகனுக்கு வந்த பி.எச்டி. அழைப்புக் கடிதத்தை வரிவரியாகப் படித்தோம். தொகையைப் பார்த்ததும் மச்சான் முகம் மலர்ந்தது. மருத்துவக் காப்பீடும் சில்லறைக் கட்டணங்களும் அதிலிருந்தே பிடித்தம் என்பது மூன்றாம் பக்கத்தில் பதுங்கியிருந்தது! கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னேன். அவசரப்படவும் வேண்டாம், பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை பதிலுக்குக் காத்திருக்கும். இங்கேயே ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதையும் தராசில் வையுங்கள்.

துறை மாற்றமா? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் பி.எச்டி. முடித்த பிறகுதான் உயிரியலுக்குப் போனார். 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். என்ன, முனைவர் பட்டத்தோடு மறுபடியும் மாணவராக வகுப்பில் உட்கார்ந்தார்.