ரியர்மோஸ்ட் தப்பான ஆங்கிலம் இல்லை

‘எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதைச் சொல்லும் ரியர்மோஸ்ட், ஹைண்ட்மோஸ்ட் எல்லாம் நம் ஆட்கள் கட்டிவிட்ட சொற்கள்; மோஸ்ட் என்பது சொல்லுக்கு முன்னால்தான் வரும்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதை நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள். தப்பாக நினைக்க வேண்டாம், அது சரியில்லை. இரண்டுமே இங்கிலாந்துச் சொற்கள்தான். பழைய ஆங்கிலத்தில் ‘மெஸ்ட்’ என்றிருந்த விகுதிதான் பின்னாளில் மோஸ்ட் ஆகிச் சொல்லின் வாலில் நிற்கிறது. ஃபோர்மோஸ்ட், டாப்மோஸ்ட் என்று நாமே தினமும் சொல்கிறோமே!

சந்தேகம் இருந்தால் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் எண்ணாகமம் 2:31 எடுத்துப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தாண் கோத்திரத்துப் பாளயம் எல்லோருக்கும் பின்னால் போக வேண்டும் என்னும் இடத்தில் ஹைண்ட்மோஸ்ட் இருக்கிறது. ரியர்மோஸ்ட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி போதும்.

எல்லா இடத்திலும் போடலாமா என்றால், கூடாது. மன்னார்குடியிலிருந்து கிளம்பும் ரயிலின் கடைசிப் பெட்டியை, முதுகில் பெரிய பெருக்கல் குறியும் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) பலகையுமாகப் போகுமே, அதை ரியர்மோஸ்ட் கோச் எனலாம். நாகப்பட்டினத்து விசைப்படகின் பின்கோடியில் இருப்பதற்கு ஆஃப்டர்மோஸ்ட் என்று தனிச்சொல்லே உண்டு. ஆனால் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நம்ம கடைமடைக்கு டெயில் எண்ட்தான். அங்கே ரியர்மோஸ்ட் போட்டால் யாருக்கும் புரியாது. அப்புறம், பேச்சில் சாதாரணமாக லாஸ்ட் என்றாலே போதும்.