31 நீளமா, முக்கால் நீளமா?

1973-ல் நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் குதிரைப் பந்தயம் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் அந்த வருடத்தில்தான் போய் நிற்பேன். பத்து வார இடைவெளியில் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இரண்டு ஓட்டங்கள். மார்ச் 31 அன்று லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல். ஜூன் 9 அன்று நியூயார்க்கில் பெல்மான்ட் ஸ்டேக்ஸ். முதலாவதில் வெற்றி வித்தியாசம் முக்கால் நீளம், இரண்டாவதில் 31 நீளம். ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் அளவு, ஏறக்குறைய எட்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எது பெரிய ஓட்டம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பெல்மான்ட் என்பார்கள். நான் முக்கால் நீளத்தின் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம்மூரில் ரேஸ் என்றதும் கிண்டியும், அடகு போன நகையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் இதுவரை ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை. எனக்குக் குதிரை ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் பெல்மான்ட்டில் ஜெயித்த செக்ரெட்டேரியட். செம்பட்டை நிறத்தில் பளபளக்கும் ஆண் குதிரை. வர்ஜீனியாவில் பிறந்தது, உரிமையாளர் பென்னி செனரி, டிரெய்னர் லூசியன் லோரன், ஜாக்கி ரான் டர்காட். கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயித்தால் டிரிபிள் கிரவுன். 1948-ல் சைட்டேஷன் வாங்கியதற்குப் பிறகு 25 வருடங்களாக எந்தக் குதிரைக்கும் அது வாய்க்கவில்லை. டெர்பியில் செக்ரெட்டேரியட் ஒவ்வொரு கால் மைலையும் அதற்கு முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது. ஒன்றேகால் மைல் ஓட்டத்தில் போகப் போக வேகம் கூடுவதென்பது நடக்கிற காரியமா? ஓடி முடித்த நேரம் 1 நிமிடம் 59.4 நொடி. இன்றுவரை அந்த டெர்பி சாதனை அப்படியே நிற்கிறது.

பெல்மான்ட் ஒன்றரை மைல். ஐந்தே குதிரைகள். ஷாம் என்ற குதிரை பாதி தூரம் வரை தோளோடு தோள் வந்தது, பிறகு தளர்ந்துபோனது. அதற்குப் பிறகு செக்ரெட்டேரியட்டோடு ஓட அங்கே யாருமில்லை. வர்ணனையாளர் சிக் ஆண்டர்சன் "பிரம்மாண்டமான இயந்திரம்போல" போகிறது என்று சொன்னது இன்றும் மேற்கோளாக வலம்வருகிறது. கடைசி நேர்பாதையில் டர்காட் தலையைத் திருப்பி மைதானத்தின் நடுவில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கிறார். போட்டியாளரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கடிகாரம்! 2 நிமிடம் 24 நொடி. அதையும் இதுவரை யாரும் தொடவில்லை. ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 பணமாக மாற்றப்படவே இல்லை. இரண்டு டாலர் கட்டினால் திரும்பக் கிடைப்பது 2.20 டாலர். அந்த இருபது சென்டுக்காக யார் அந்தத் துண்டைக் கொடுப்பார்கள்?

எல்லாம் சரி. பார்க்கும்போது எனக்கும் புல்லரிக்கும். ஆனால் அதில் பாதிக்கு மேல் பந்தயமே இல்லை. கடிகாரத்தோடு ஒரு குதிரை ஓடிய அற்புதம் அது. பாவம், டெர்பியில் இதே ஷாம், ஓட்டம் தொடங்கும் வாயில் கதவில் முட்டிப் பல் உடைந்த நிலையில் இரண்டரை நீளத்தில் இரண்டாவதாக வந்தது. வேறொரு வருடத்தில் பிறந்திருந்தால் அதன் கழுத்தில் எத்தனை மாலைகளோ. பெல்மான்ட்டில் அது வந்து சேர்ந்தது கடைசியாக.

இப்போது ஏன்ட்ரீக்கு வாருங்கள்.

கிராண்ட் நேஷனல் வேறு ரகம். அந்த வருடம் ஏழு கிலோமீட்டருக்கும் மேல், தாண்ட வேண்டிய வேலிகள் 30, குதிரைகள் 38. அது ஹேண்டிகேப் ஓட்டம். திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைவான எடை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு சேர்த்து ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டுக்கு வரவேண்டும் என்பதுதான் எடை போடும் அதிகாரியின் கனவு. கனவு பலிப்பது அபூர்வம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப் என்ற பெரிய கறுத்த குதிரைக்கு அன்று உச்ச எடை, 12 ஸ்டோன். ஏறக்குறைய 76 கிலோ. ரெட் ரம் என்ற குதிரைக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு, அதாவது 66 கிலோவுக்குச் சற்றே குறைவு. பத்துக் கிலோ வித்தியாசம். இரண்டுக்கும் பந்தய விலை ஒன்றுதான், 9-க்கு 1, அதாவது ஒன்று கட்டினால் ஒன்பது லாபம். கிறிஸ்ப் உண்மையில் இரண்டு மைல் குதிரை. 1971-ல் செல்டன்ஹாமில் இரண்டு மைல் சாம்பியன் ஓட்டத்தை 25 நீளத்தில் ஜெயித்தது. அதைக் கொண்டுவந்து நாலரை மைலில் விட்டார்கள்.

ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் அதை அடக்கிப் பார்க்காமல் அதன் போக்கிலேயே விட்டார். முதல் சுற்றிலேயே கிறிஸ்ப் முன்னால் போய்விட்டது. அந்த ராட்சச வேலிகளை ஏதோ வரப்பைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போகிறது. முதல் சுற்றின் முடிவில் 'சேர்' (Chair) என்ற வேலியில், இரண்டாவதாக வந்துகொண்டிருந்த க்ரே சோம்ப்ரெரோ விழுந்தது. அது உயிர் பிழைக்கவில்லை. இந்த ஓட்டத்தைக் கொண்டாடும்போது அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தும். வேலிகளின் உள்ளே இருந்த மரச்சட்டங்களை எடுத்துவிட்டு வளையக்கூடிய பிளாஸ்டிக்கை வைத்தது 2013-ல்தான். குதிரைகளின் எண்ணிக்கையை 34 ஆகக் குறைத்தது 2024-ல். இரண்டுமே தாமதம் என்பேன்.

அதற்குப் பிறகு கிறிஸ்ப் தன்னந்தனியாக ஓடியது. பின்னால் வந்த கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் விடாமல் துரத்தினார், ரெட் ரம் மேலிருந்த பிரையன் ஃப்ளெட்சர். கடைசி வேலியைத் தாண்டும்போதும் இடைவெளி சுமார் 15 நீளம். மிச்சமிருந்தது 494 கஜம், ஏறக்குறைய 450 மீட்டர். அங்கேதான் கிறிஸ்ப்பின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. எல்போ என்ற வளைவுக்கு முன்னால் பிட்மன் வலக்கையால் சாட்டையை எடுத்தார், களைத்த குதிரை இடப்பக்கம் சாய்ந்தது, திரும்ப நேராக்குவதற்குள் சில நொடி போயிற்று. தோல்விக்குத் தானே காரணம் என்று பிட்மன் பின்னாளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தக் குதிரைக்கு அப்போதே மூச்சு தீர்ந்துவிட்டது. சாட்டையை எடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை ஜெயித்திருக்கும், ஒருவேளை அங்கேயே நின்றும் போயிருக்கும்.

கடைசி சில எட்டுகளில் ரெட் ரம் முந்தியது. முக்கால் நீளம். மூன்றாவது வந்த லெஸ்கார்கோ 25 நீளம் பின்னால். நேரம் 9 நிமிடம் 1.9 நொடி. 1930-களிலிருந்து நின்ற சாதனையை 18 நொடிக்கும் மேல் உடைத்த நேரம். அதாவது, தோற்ற குதிரையும் அதுவரை கிராண்ட் நேஷனலை ஜெயித்த எல்லாக் குதிரைகளையும்விட வேகமாக ஓடியிருக்கிறது, அதுவும் 76 கிலோவைச் சுமந்துகொண்டு. அன்று உண்மையில் ஜெயித்தவர் எடை போட்ட அதிகாரிதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஏழு கிலோமீட்டர், முப்பது வேலிகள், பத்துக் கிலோ வித்தியாசம். கணக்கு கடைசியில் ஆறடி பிசகியது.

அடுத்த நவம்பரில் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையோடு மோதின. கிறிஸ்ப் எட்டு நீளத்தில் ஜெயித்தது. கிறிஸ்ப்பின் ரசிகர்கள் இதைச் சொல்லியே "பார்த்தீர்களா, உண்மையான சாம்பியன் யார்?" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் ரெட் ரம்மைக் கொஞ்சம் திருடன்போலத்தான் பார்த்தேன்.

ஆனால் ரெட் ரம்மின் கதை கொஞ்சநஞ்சமல்ல. காலில் பெடல் ஆஸ்டைட்டிஸ், குளம்புக்குள் எலும்பு அழற்சி. பல கை மாறி, கடைசியில் 6,000 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) வந்து சேர்ந்த இடம் சவுத்போர்ட்டில் பழைய கார் விற்கிற ஜிஞ்சர் மெக்கெய்னின் லாயம், கார் ஷோரூமுக்குப் பின்னாலேயே. பெரிய டிரெய்னர்களுக்கெல்லாம் பச்சைப் புல்வெளி மைதானம் இருக்க, மெக்கெய்ன் குதிரையைக் கடற்கரைக்கு ஓட்டிப்போனார். மணலும் உப்புத் தண்ணீரும் அந்தக் காலுக்குப் பிடித்துப்போயின. 1973, 1974, 1977 மூன்று முறை கிராண்ட் நேஷனல். நடுவில் 1975, 1976 இரண்டிலும் இரண்டாம் இடம். ஐந்து வருடம், 150 வேலிகள், ஒருமுறைகூட விழவில்லை. மூன்று முறை ஜெயித்த குதிரை இன்றுவரை வேறொன்று இல்லை. 1995-ல் இறந்தபோது ஏன்ட்ரீயில் எல்லைக்கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

இதில் 1974-தான் முக்கியம். அந்த வருடம் உச்ச எடையான 12 ஸ்டோனைச் சுமந்தது ரெட் ரம். முந்தைய வருடம் கிறிஸ்ப்பின் முதுகில் இருந்த அதே எடை. ஏழு நீளத்தில் ஜெயித்தது.

யூடியூபில் 1973 ஓட்டம் கிடைக்கிறது. கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப்போட்ட துணுக்கைப் பார்க்காதீர்கள், முழு ஒன்பது நிமிடத்தையும் பாருங்கள். கிறிஸ்ப் எவ்வளவு சந்தோஷமாக ஓடியது என்று தெரிந்தால்தான் அந்தக் கடைசி நிமிடத்தின் வலி புரியும். பார்த்துவிட்டு ரெட் ரம்மைத் திட்டத் தோன்றினால், முதலில் 1974-ஐயும் ஒருமுறை ஓடவிடுங்கள்.