சிடி நார்மல் என்றதும் ஃபைலை மூடிவிடாதீர்கள்

செயற்கை ரத்தக்குழாய் (கிராஃப்ட்) வைத்த நோயாளிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவான சிஆர்பி இறங்குவதாக இல்லை. சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுத்தால், கிராஃப்டைச் சுற்றிச் சீழும் இல்லை, காற்றும் இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. உடனே கிராஃப்டில் தொற்று இல்லை என்று முடிவுகட்டி, சிறுநீர்த் தொற்றா, நெஞ்சுச் சளியா என்று வேறு காரணம் தேடப் போய்விடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எடுக்க வேண்டியது சிடிதான், அதில் சந்தேகமே இல்லை. ரத்தம் கசிகிறதா, தையல் போட்ட இடம் புடைத்திருக்கிறதா, குடல் கிராஃப்டோடு ஒட்டிக்கிடக்கிறதா என்பதெல்லாம் அதில் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் மாதிரியான கிருமிகள் சீழ் கட்டாமலே, கிராஃப்டின் டாக்ரான் (பாலியெஸ்டர்) இழைகளில் படலமாகப் படிந்து வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் பல நேரம் சிக்காது. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், தொற்று உள்ள 100 பேரில் சிடி ஆஞ்சியோ கண்டுபிடித்தது 67 பேரைத்தான். உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று காட்டும் எஃப்டிஜி பெட் சிடி ஸ்கேன் 95 பேரைக் கண்டுபிடித்தது.

காரணம் எளிது. தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும். எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. எங்கே அது சேர்கிறதோ அந்த இடம் ஒளிரும்.

அதற்காக ஒளிர்வதெல்லாம் தொற்று என்று நினைத்தால் அதுவும் ஆபத்து. அந்நியப் பொருளை உடல் ஏற்றுக்கொள்ளும்போது கிராஃப்ட் முழு நீளத்துக்கும் லேசாக, ஒரே சீராக ஒளிரும். அது வருடங்கள் கழித்தும் இருக்கலாம். பயப்பட வேண்டியது ஓரிடத்தில் மட்டும் திட்டாக, பளிச்சென்று தெரிவதற்கு. அந்தத் திட்டு சிடியில் கிராஃப்டின் விளிம்போடு சரியாகப் பொருந்துகிறதா, பக்கத்துக் குடலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வெட்டுப்படமாகப் பார்க்க வேண்டும். அப்போதும் தெளியவில்லை என்றால், நோயாளியின் வெள்ளை அணுக்களையே பிரித்து டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றித் திரும்பச் செலுத்தும் ஸ்கேன் இருக்கிறது. மெனக்கெடல் அதிகம்தான். ஆனால் பெருந்தமனி கிராஃப்டை எடுத்துவிட்டு வேறு வைப்பது உயிரைப் பணயம் வைக்கும் அறுவை. தொற்றைத் தவறவிட்டால் குடலுக்குள் ரத்தம் பீறிடும் நிலைகூட வரலாம். இரண்டு பக்கமும் இவ்வளவு ஆபத்து இருக்கும்போது ஒரு நாள் கூடுதல் வேலை பெரிதல்ல.

ஐரோப்பிய ரத்தநாள அறுவைச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் சிடிக்கு அடுத்து பெட் சிடியைத்தான் சொல்கிறது. நடைமுறையில் அது கடைசிப் புகலிடமாகிவிடுகிறது. அதற்குள் ஆன்டிபயாடிக் பல சுற்று போயிருக்கும், ஒளி மங்கியிருக்கும்.

வார்டில் இருக்கும் இளைய மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட் ஸ்கேன் படிவத்தில் "காய்ச்சல், காரணம் தெரியவில்லை" என்று ஒற்றை வரியோடு அனுப்பாதீர்கள். அறுவை நடந்த தேதி, கிராஃப்ட் என்ன பொருள், எங்கெங்கே தையல், அறுவைப் பசை போட்டார்களா, ஆன்டிபயாடிக் என்றைக்கு ஆரம்பித்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். அறுவை முடிந்த ஆரம்ப மாதங்களில் புண் ஆறுவதே ஒளிரும், பசையும் ஒளிரும். இந்த விவரம் இல்லாமல் படம் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஊகம்தான் எழுத முடியும்.