கழுத்துப் பட்டன்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். சிற்பம் பற்றி எனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். மலம்புழா போனால் கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் பீரோ, மேசை, நாற்காலி தெரியும். அந்தத் தைரியத்தில்தான் டோரிஸ் சால்செடோ என்கிற சிற்பியைப் பற்றி எழுதுகிறேன். 1958இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்தவர். என் கடையில் கிடக்கும் சரக்குதான் அவர் கைக்கும் சரக்கு.

பழைய பீரோவுக்குள் கான்கிரீட் கலவையை ரொப்பிவிடுவார். இனித் துணி வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. முகம் இல்லை, ரத்தம் இல்லை. 1988இல் கொலம்பியாவில் வாழைத் தோட்டத் தொழிலாளிகளைக் கூட்டமாகக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தது: வெள்ளைச் சட்டைகளை மடித்து அடுக்கி, பிளாஸ்டரில் இறுக்கி, நடுவே இரும்புக் கம்பியைக் குத்தி இறக்கினார். நேந்திரன் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கிற எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வேறு சட்டை ஞாபகம் வந்தது.

சில வருஷம் முன்பு ஒரு அக்கா பீரோ விற்கணும் என்று கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் கட்சித் தகராறில் வெட்டுப்பட்டுப் போனவர். எந்தக் கட்சி என்று கமென்டில் கேட்காதீர்கள். நல்ல தேக்கு. தட்டிப் பார்த்து, கீலை ஆட்டிப் பார்த்து விலை சொன்னேன். மேல்தட்டில் நாலு சட்டை, மடிப்புக் கலையாமல்.

"இதையெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்கன்னா வண்டிய வரச் சொல்லீருவனுங்க அக்கா."

ஒன்றை எடுத்துப் பிரித்தார். கழுத்துப் பட்டனைப் போட்டார். "இதப் போடவே மாட்டாருங்க, கழுத்த நெரிக்குதும்பாரு" என்று கழற்றினார். மடித்து அதே இடத்தில் வைத்தார். "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாங்க தம்பி." அதோடு கூப்பிடவே இல்லை.

அந்த வீட்டு முக்கில் ரக்தசாட்சி மண்டபம், அதாவது கட்சிக்காக உயிர்விட்டவருக்கு நினைவு மண்டபம், இருக்கிறது. கட்சி நிறத்தில் பெயின்ட், பெயர், தேதி. வருஷா வருஷம் கொடி, மைக், பழிவாங்குவோம் என்று தொண்டை கிழிய முழக்கம். எனக்கு அதன்மேல் மரியாதை வரமாட்டேன் என்கிறது. கழுத்துப் பட்டன் போடாத ஒரு மனுஷன் அதில் எங்கேயும் இல்லை.

லண்டன் டேட் மாடர்ன் மியூசியத் தரையில் 2007இல் சால்செடோ 167 மீட்டருக்கு விரிசல் விட்டாரே, அதெல்லாம் பணக்காரர் பார்க்கிற கலை என்று நண்பர் ஒருவர் நக்கலடித்தார். பொகோட்டாவில் நடந்தது அவருக்குத் தெரியாது. 1985 நவம்பர் 6, 7இல் அங்கே நீதி மாளிகையைக் கெரில்லாக்கள் பிடித்தார்கள், ராணுவம் புகுந்தது, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட ஏறக்குறைய நூறு பேர் செத்தார்கள். 2002இல் அதே தேதியில், அதே இடத்துக் கட்டடத்தின் கூரையிலிருந்து பழைய நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கினார் சால்செடோ. 53 மணி நேரத்தில் 280 நாற்காலி. பேச்சில்லை, மைக் இல்லை. தெருவில் போகிறவர் எல்லாரும் பார்த்தார்கள், டிக்கெட் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2018இல் செய்தது. கொலம்பியாவில் அரசோடு சண்டை போட்ட ஃபார்க் என்கிற கெரில்லாக்கள் ஒப்படைத்த ஆயுதங்கள், 37 டன். உருக்கித் தரைத்தகடாக வார்த்தார். அச்சுக்கான தகட்டைச் சுத்தியலால் அடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தச் சண்டையில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. துப்பாக்கிமேல் செருப்புக் காலோடு நடக்கலாம்.

போன வாரம் மண்டபத்துக்கு டைல்ஸ் ஒட்ட வசூலுக்கு வந்தார்கள். இருநூறு ரூபாய் கொடுத்தேன், கொடுக்காமல் இங்கே கடை நடத்த முடியுமா? ரசீதில் அந்த அக்கா வீட்டுக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இனிஷியல் தப்பு.