பாய்க்கு மட்டும் பேரமா?

அந்த வீடியோவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "அக்கா, நீங்க அந்தப் பக்கத்து ஆளாச்சே, ஒண்ணுமே சொல்லலையா?" என்று இன்பாக்ஸில் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். சரி, சொல்கிறேன்.

அதை எடுத்த ரீல்ஸ் பிரபலத்தின் பெயர் வேண்டாம், யாரென்று எல்லோருக்கும் தெரியும். கண்காட்சியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் விற்ற அந்த வயதான அம்மாவிடம், கேமராவுக்குக் கண்ணடித்துக்கொண்டே, "பாய்க்கு நாலாயிரமா? ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொடுங்க பாட்டி." அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "கட்டுப்படியாகாதும்மா." அதற்குக் கீழே "பேரம் பேசக் கத்துக்கோங்க மக்களே" என்று எழுத்து, கூடவே சிரிப்பு பொம்மை. அடுத்த காட்சியில் மூங்கில் கோப்பை செட், 1,899 ரூபாய். அங்கே பேரம் இல்லை. போனை நீட்டினார், பணம் போயிற்று. தலைப்பு: 'பூமிக்கு நல்லது, வீட்டுக்கு அழகு.'

நான் சொல்ல வருவது ஒன்றுதான். செய்தவரிடம் அடிமாட்டு விலை கேட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் பேசாதீர்கள்.

அந்தப் பாய் எப்படி வருகிறது தெரியுமா? தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, நெடுக்காகக் கீறி, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறப்போட வேண்டும். அது ஊதிப் பருக்கும். மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றிய பிறகுதான் நெசவு. பட்டுப் பாய் என்கிற உயர்ந்த ரகம் என்றால் கோரையை நூல் மாதிரி மெலிதாகக் கீற வேண்டும். தரையோடு பருத்தி நூலைப் பாவாக, அதாவது நீளவாக்கில், இழுத்துக் கட்டி, குனிந்த முதுகோடு ஒவ்வொரு கோரையாக உள்ளே கொடுத்து அடிக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் பெண்கள், அதிலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். அந்த நாலாயிரத்தை இத்தனை நாள் கூலியாகப் பிரித்துப் பாருங்கள். பிறகு சிரிப்பு பொம்மை போடுங்கள்.

இப்போது மூங்கில் கோப்பைக்கு வருவோம். அந்த மாதிரிக் கோப்பைகள் பல, மூங்கில் பொடியை மெலமின் பிசினில் கலந்து வார்த்தவை. அதாவது பிளாஸ்டிக். சூடாக ஊற்றினால் மெலமின், ஃபார்மால்டிஹைடு என்கிற கெடுதலான ரசாயனங்கள் குடிப்பதில் இறங்கலாம் என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அவற்றைச் சந்தையிலிருந்து எடுக்க நடவடிக்கை எடுத்தது. அவர் வாங்கியது எந்த ரகம் என்று அவரும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. மூங்கில் பெட்ஷீட்டும் அப்படித்தான். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து எடுத்த ரேயான் என்ற செயற்கை இழையை 'மூங்கில்' என்று விற்றதற்காக 2022-இல் அமெரிக்காவில் வால்மார்ட், கோல்ஸ் என்ற பெரிய கடை நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்டின. நம் நாட்டிலும் இப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்யாகப் பச்சை பூசிய விளம்பரங்களுக்கு 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறை வந்துவிட்டது. ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு அதைப் படிக்க எங்கே நேரம்?

"நாலாயிரம் கொடுத்துப் பாய் வாங்க எல்லாராலும் முடியுமா" என்று ஒருவர் பொங்கியிருந்தார். முடியாதுதான். நானும் எல்லோரையும் வாங்கச் சொல்லவில்லையே. சாதாரணக் கோரைப்பாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் படுத்தாலும் முதுகு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வாங்கும்போது பாவு நூலை மட்டும் பாருங்கள். விசைத்தறிப் பாய் பலவற்றில் அது பிளாஸ்டிக் இழை. கையில் காசில்லாதவர் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், கேமராவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

"அவராலதான் லட்சம் பேருக்குப் பத்தமடை தெரிஞ்சுது." ஆமாம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்கலாம் என்றும் அதே லட்சம் பேருக்குத் தெரிந்தது. மிக்க நன்றி.

இயற்கைப் பொருள் என்றாலே பூமிக்கு நல்லதில்லை என்று காட்ட இன்னொருவர் டென்மார்க் ஆய்வை எடுத்துப் போட்டார். பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம், 2018-இல் அந்நாட்டு அரசே வெளியிட்டது. நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கு அடி? கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை நைந்துபோகும்வரை ரேஷன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கா, மாதத்துக்கு ஒரு 'டோட் பேக்' என்று புதுத் துணிப்பை வாங்கிக் கதவில் மாட்டுகிறவர்களுக்கா?

எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் பாய் இன்னும் இருக்கிறது. மணமக்கள் பெயரும் தேதியும் நெய்த பாய். அப்பா பெயரில் புள்ளி விழாமல் 'சணமுகம' என்று வந்துவிட்டது. கோபம் வந்தால் அம்மா அப்படியேதான் கூப்பிடுவாள், "ஏ சணமுகம!" நாங்கள் அத்தனை பேரும் அதில் உருண்டிருக்கிறோம். ஓரத்துணி கிழிந்தபோது தையல்காரரிடம் கொடுத்து மாற்றினாள், கோரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நெய்தவரிடம் தாத்தா பேரம் பேசினாரா என்று கேட்பீர்கள். பேசியிருக்கலாம். ஆனால் அதைப் படம் பிடித்து ஊருக்குப் பாடம் நடத்தவில்லை.

"பேரம் நம்ம பண்பாடு" என்கிறவர்கள் அந்தப் பண்பாட்டை மாலுக்குள் போய்க் காட்டுங்கள். ஏசிக் கடையில் பார்கோடு ஒட்டியிருந்தால் ஏன் வாயே திறப்பதில்லை? தரையில் உட்கார்ந்து விற்கிற கிழவியிடம் மட்டும்தான் பண்பாடு பொங்குமா? இந்தக் கூலிக்கு எந்தப் பிள்ளை தறியில் உட்காரும்? நாளைக்கு அந்தப் பாயும் இல்லாமல் போனால், 'அழிந்துவரும் பாரம்பரியம்' என்று சோக இசை போட்டு இதே ஆட்கள்தான் வீடியோ எடுப்பார்கள்.

இதையெல்லாம் கமெண்டில் சுருக்கமாகச் சொன்னதற்குத்தான் ஒரு புண்ணியவான், "அவங்க ஆளுங்களுக்கு நீ ஏன் வக்காலத்து?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்கள் நெய்த பாய் விரிந்திருக்கிறது. இதில் யார் யாருடைய ஆள்? அந்தக் கமெண்டை நான் அழிக்கவில்லை, அவருடைய வீட்டார் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன். லைக் போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அப்புறம், போன பதிவுக்குக் கீழே அந்தக் கோப்பைக்கு லிங்க் போட்ட தம்பி, அதை எடுத்துடுங்க. டிஸ்கவுண்ட் கோடையும் சேர்த்து.