பாத்திரக்கடையும் பாரம்பரியம்தான்

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கீழே கடையும் மாடியில் வீடுமான கடைவீடுகளின் முகப்பு, மரச் சன்னல்கள், கடைமுன் ஓடும் ஐந்தடி நடைபாதையில் பதித்த பூக்கல் தரை என்று கட்டடத்தைச் சுற்றியே பேசி முடித்துவிடுகிறோம். அந்தக் கடைவீட்டுக்குள் என்ன விற்கிறது, அதை யார் வாங்கிப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு குடும்பம் தன் அடுப்படிக்கும் பூசையறைக்கும் வேண்டியதை வாங்கிச் செல்லும் கடைகள் மறைந்துவிட்டால், சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு பூசினாலும் அந்தத் தெருவின் பாரம்பரியத்தில் பாதி போய்விட்டது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தபோது, கடைவீடுகளின் கட்டடக்கலை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆசியாவின் பல்லின மரபுக்கு இந்த ஊர்கள் உயிருள்ள சாட்சியாக விளங்குவது இன்னொரு காரணமாகச் சொல்லப்பட்டது. முதல் காரணத்துக்குக் காவல் பலமாக இருக்கிறது. முகப்பை மாற்ற வேண்டுமானால் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். இரண்டாவது காரணத்துக்கு அந்த அளவுக்குக் காவல் இல்லை. பாத்திரக்கடை காலிசெய்த இடத்தில் காப்பிக் கடையோ சிறு தங்கும் விடுதியோ வந்தால், முகப்பு மாறாதவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே கணக்கு.

நம் பெரியவர்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசாரில், இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு பாத்திரக்கடையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். குத்துவிளக்கு கேட்டால் கடைக்காரர் அதை அப்படியே எடுத்து நீட்டுவதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று திருகிக் கழற்றி, மரை சரியாக இறங்குகிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டி, ஆடாமல் நிற்கிறதா என்று கண்ணாடி மேசைமேல் வைத்துப் பார்த்த பிறகுதான் தராசில் வைக்கிறார். பித்தளைக்கு எடைதான் விலை. கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் பாத்திரம் எடுத்தால், "யார் பேரும்மா போடணும்?" என்று கேட்டு, சிறு கருவியால் புள்ளி புள்ளியாகப் பெயரை வெட்டிக் கொடுக்கிறார். இப்படிப் பெயர் வெட்டிய பாத்திரம் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போவது நம் வீடுகளில் சாதாரணம். முறுக்கு அச்சின் வில்லை தொலைந்துவிட்டது என்றால் அளவைக் கேட்டு வில்லையை மட்டும் தேடித் தருகிறார். கைப்பேசியில் வாங்கும் பெட்டிக்குள் விளக்கு வரும். இந்த அறிவு வராது.

இந்த ஊர் 1786 முதல் சுங்கவரி இல்லாத துறைமுகமாக வளர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்களில் ஆட்களோடு அம்மியும் துணிமூட்டையும் வந்திறங்கின. சூலியா தெருவில் பாய்மார்களின் கைலிக்கடை, கேம்பல் தெருவில் சீனர்களின் கடைகள், பக்கத்துத் தெருக்களில் பிரம்பு நாற்காலி பின்னுபவர், மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பி தைப்பவர் என்று வீட்டுக்கு வேண்டியவை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன. டத்தோ கெராமாட் சாலையில் ஈயம் உருக்கி உலகத்துக்கே அனுப்பிய ஊர் இது. இன்று பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைகளுக்கு விழுந்த பெரிய அடி வாடகையில் விழுந்தது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 இறுதியோடு முடிவுக்கு வந்தது. வீட்டு உரிமையாளர்களின் பக்கமும் நியாயம் உண்டு: பல ஆண்டுகள் உயராத வாடகையை வைத்துக்கொண்டு ஒழுகும் கூரையை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கட்டுப்பாடு நீங்கியபோது வாடகை உயர்ந்ததோடு நிற்கவில்லை. மாடியில் குடியிருந்த குடும்பங்களும் வெளியேறின. கடைக்கு வாடகையும் கூடி வாடிக்கையாளரும் குறைந்த அந்த இரட்டை இழப்பிலிருந்து பல கடைகள் மீளவே இல்லை. சுற்றுலாப் பயணி படம் எடுத்துக்கொண்டு போவார்; இடியாப்பத் தட்டு வாங்கமாட்டார்.

ஆகவே என் கோரிக்கை முதலில் அரசாங்கத்தை நோக்கியது அன்று. பழைய நகரத்தில் கணிசமான கடைவீடுகள் தனியாரிடம் இல்லை. கோயில் சொத்துகளாகவும் பள்ளிவாசல்களின் வக்ஃபு சொத்துகளாகவும் கொங்சி எனப்படும் சீனக் குலச் சங்கங்களின் சொத்துகளாகவும் இருக்கின்றன. சமூகத்துக்காக எழுதிவைக்கப்பட்ட சொத்து என்பதால், கூடுதல் வாடகை தருபவருக்கே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இவற்றுக்கு இருக்கக் கூடாது. குடியிருப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் பத்தாண்டு ஒப்பந்தம் தரலாம். கடைக்காரரின் பிள்ளைகள் தொழிலை ஏற்க விரும்பாவிட்டால், அதே தொழிலைச் செய்ய முன்வரும் இன்னொருவருக்கு அந்த இடத்தை முதலில் கொடுக்கலாம். இப்படிச் செய்யும் உரிமையாளர்களுக்கு மாநகர் மன்றம் மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுத்தால், தனியார் உரிமையாளர்களும் யோசிப்பார்கள். கோயில் நிர்வாகங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் பினாங்கு நண்பர்கள், கடை வாடகை ஒப்பந்தங்களை எந்த அடிப்படையில் புதுப்பிக்கிறீர்கள் என்ற கேள்வியை இந்த ஆண்டே எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.